செபமாலையில் ஓடிய துறப்பணம்

பாரிசிலிருந்து அண்ணன் அடைக்கலநாதன் எழுதிய கடிதம் குருநகருக்கு வந்து சேர்ந்தபோது அற்புதராணியின் கலியாணம் இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. முதல் தடவை ஷெல்லடிக்குப் பயந்து தெருவே இடம்பெயர்ந்தது. இரண்டாம் தடவை மாப்பிள்ளை சந்தியோகு ஒரு வள்ளத்தின் மேலிருந்து வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டான். எலும்பு பொருந்திவிட்டது. பலம்தான் திரும்பி வரவில்லை.

சந்தியோகு வள்ளம் கட்டுகிறவன். அற்புதராணியின் தகப்பன் பேதுரு அவளுக்குச் சீதனமாகக் கொடுக்கவிருந்ததும் ஒரு வள்ளம். அதன் அடிப்பலகைகள் உளுத்துப்போயிருந்தன. அவற்றை மாற்றவேண்டிய ஆள் சந்தியோகு. ஆக, தன் சீதனத்தைத் தானே திருத்திக்கொடுத்து, பிறகு அதைத் தானே வாங்கிக்கொள்ளவேண்டிய நிலை அவனுக்கு.

"மாமா, வள்ளத்தை உள்ளபடி தாங்கோ. கலியாணத்துக்குப் பிறகு ஆறுதலாய்த் திருத்திறன்" என்று அவன் எத்தனையோ முறை சொல்லிப்பார்த்தான்.

"ஓட்டை வள்ளத்தைச் சீதனம் குடுத்தவன் எண்ட பேர் எனக்கு வேண்டாம், தம்பி. வள்ளம் முழுசாய்க் கடலிலை இறங்கட்டும். அடுத்தநாள் கலியாணம்."

புதுப் பலகைகளை வெட்டி இழைத்தாயிற்று. அவற்றை வள்ளத்தின் விலா எலும்பு போன்ற கட்டைகளோடு பூட்ட இருநூற்று அறுபது துளைகள் போடவேண்டும். கையால் சுற்றும் துறப்பணத்தை நாலு சுற்றுச் சுற்றினால் சந்தியோகுவின் மணிக்கட்டு வீங்கிவிடும். வேறொருவன் கையில் அதைக் கொடுக்கவும் அவனுக்கு மனமில்லை. துளையின் சாய்வு ஒரு நெல்லளவு பிழைத்தாலும் கடல் உள்ளே வந்துவிடும் என்பான்.

இதற்கிடையில் அவனுடைய தாய் லூர்த்தம்மா தன் முடிவைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டாள். "ரெண்டு தரம் தள்ளிப்போச்சுது. இனித் தவக்காலத்துக்கு முந்தி நடக்கவேணும். மூண்டாம் தரமும் தள்ளினால் இது தேவசித்தம் இல்லை. நான் வேறை இடம் பாக்கிறன்."

தவக்காலத்தில் கோவிலில் கலியாணம் இல்லை. அது தொடங்கும் விபூதிப் புதன் மாசி நடுவில் வந்தது. அற்புதராணிக்கு முப்பத்தொரு வயது. சந்தியோகுவைத் தவிர வேறு யாரையும் கட்டும் எண்ணம் அவளுக்கு இல்லை. அதை வாய்விட்டு யாரிடமும் சொன்னதுமில்லை. அண்ணனுக்கு மட்டும் மணிக்கட்டு விஷயத்தை எழுதியிருந்தாள். அதற்குத்தான் இந்தப் பதில்.

கடிதத்தோடு ஒரு கடைப் புத்தகத்திலிருந்து கிழித்த வழுவழுப்பான தாளும் வந்திருந்தது. அதில் துப்பாக்கி போல மூன்று துறப்பணங்கள். கம்பியே இல்லாமல் பற்றறியில் ஓடுபவை. 'கலியாணப் பரிசாக ஒன்று அனுப்புகிறேன். எது வேண்டும் என்று உடனே எழுது. மார்கழியில் ஒரு கன்னியர்மடத்துச் சிஸ்டர் அங்கே வருகிறா' என்று அண்ணன் எழுதியிருந்தான்.

அன்று பின்னேரம் பேதுருவின் வீட்டு வளவில் வேப்பமரத்தடியில் கூட்டம் கூடியது.

"இந்தச் சின்னன் நல்லாயிருக்கு. பாரமில்லை, என்ரை கைக்குத் தோதாய் இருக்கும்" என்றான் சந்தியோகு.

"அது கண்ணாடிச் சட்டம் பூட்டத்தான் சரி" என்றார் பேதுரு. அவருடைய விரல் நடுப்படத்தில் நின்றது. "இஞ்சை பார், இதுக்கு ரெண்டு பற்றறி குடுக்கிறாங்கள். ஒண்டு துளைக்கு, மற்றது ரேடியோவுக்கு."

குடாநாட்டில் மின்சாரம் நின்று நாலாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. ரேடியோவுக்குப் போடும் சிறு பற்றறிகூடத் தடை செய்யப்பட்ட பொருள். செய்தி கேட்காவிட்டால் பேதுருவுக்குச் சோறு இறங்காது. அவர் துறப்பணத்தைப் பார்க்கவேயில்லை. பற்றறியைத்தான் பார்த்தார்.

அற்புதராணி பங்குப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவள். தாளை வாங்கி, படங்களை விட்டுவிட்டு அடியிலிருந்த சின்ன எழுத்துக்களை வாசித்தாள். முதலாவது நாலு புள்ளி எட்டு வோல்ட். இரண்டாவது ஒன்பது புள்ளி ஆறு. மூன்றாவது பன்னிரண்டு வோல்ட், பற்றறி ஒன்றே ஒன்று.

"மூண்டாவது" என்றாள்.

"ஏன் பிள்ளை, அதுதான் பாரமும் கூட, பற்றறியும் குறைய?"

"பற்றறி இஞ்சை வந்து சேராது, அப்பா. ஆமிச் சாவடியிலை எடுத்துப்போடுவாங்கள்."

"பற்றறி வராத துறப்பணத்தை வைச்சு என்ன செய்யிறது? உறியிலை தொங்கவிடுறதோ?"

"செபநாயகம் அண்ணையின்ரை காருக்கு எத்தினை வோல்ட்?"

பேதுரு யோசித்தார். சந்தியோகு யோசிக்கவில்லை. அவளைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு வருடம் காத்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. உடனே லூர்த்தம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. காத்திருக்க முடியாது.

மார்கழியில் வரவேண்டிய சிஸ்டர் தை மாதம்தான் வந்தா. பலிபீடத் துணிகளுக்கு நடுவில் துறப்பணம் இருந்தது. அதன் பிடிக்குக் கீழே பற்றறி இருக்கவேண்டிய இடம் பல் விழுந்த வாய்போலத் திறந்திருந்தது.

"நல்ல பெடியன்தான்" என்றா சிஸ்டர், சாவடியில் நின்ற சிப்பாயைப் பற்றி. "ஏதோ ஆயுதமெண்டு முதல் பயந்துபோனான். பிறகு அதைக் கழட்டி எடுத்துப்போட்டு, மிச்சத்தைத் துணி கசங்காமல் திருப்பி வைச்சான்."

பற்றறிக்கு மின்சாரம் ஏற்றும் கருவியையும் அவன் விட்டுவிட்டான். அதைச் சுவரில் செருகவேண்டும். சுவர்களில்தான் ஒன்றும் இல்லையே.

சந்தியோகு இரண்டு நாள் வேறு வேலை தொடவில்லை. பூவரசந் துண்டொன்றை எடுத்துச் செதுக்கிக்கொண்டிருந்தான். துறப்பணத்தின் பிடிக்குள் சரியாகப் போய் இருக்கும் கட்டை அது. அதன் தலையில் இரண்டு செப்புத் தகடுகள், அடியிலிருந்து இரண்டு கம்பிகள். மரத்தில் செய்த அந்தப் பற்றறியைப் பார்த்து அற்புதராணி உண்மையிலேயே வியந்தாள். கம்பியில்லாத துறப்பணத்துக்குப் பன்னிரண்டு முழத்தில் கம்பி வந்துவிட்டது.

இனிக் கார். செபநாயகம் வாடகைக்கு ஓடிய பழைய ஏ-40 காரின் சொந்தக்காரர். எண்ணெய் இல்லாமல் கார் கொட்டிலில் நின்றது. அதன் பன்னிரண்டு வோல்ட் பற்றறியை அவர் துடைத்து, தண்ணீர் விட்டு, சாக்கால் போர்த்தி வைத்திருந்தார். மாதத்தில் ஒருமுறை காரை மண்ணெண்ணெயில் இருமவைத்துப் பற்றறிக்கு உயிர் ஏற்றுவார். மாலையானால் ரேடியோவை அதில் பூட்டித்தான் அந்தக் குறுந்தெருவான ஒழுங்கை முழுவதும் செய்தி கேட்டது.

"தாறன். ஆனால் அது போற இடத்துக்கு நானும் வருவன்" என்றார்.

அப்படியே வந்தார். சைக்கிள் கரியரில் பற்றறி, பக்கத்தில் ஒரு கையால் அதைப் பிடித்தபடி செபநாயகம். கரையில் வள்ளத்தின் நிழலில் அதை இறக்கி, கம்பிகளைத் தன் கையாலேயே பூட்டினார். சந்தியோகு துறப்பணத்தைப் பலகையில் வைத்து விசையை அழுத்தினான். அது பூனைபோல உறுமிச் சுற்றியது. பலகையில் ஒரு தூள்கூட விழவில்லை. அழுத்தினான். மரம் மினுங்கியதே தவிர ஓட்டை விழவில்லை.

"மற்றப் பக்கம் சுத்துது" என்றார் பேதுரு.

"பிரான்சுச் சாமான்தானே" என்று செபநாயகம் விளக்கினார். "அங்கை கார்கூட வலப்பக்கத்தாலைதான் ஓடுறது. அவங்கள் எல்லாத்தையும் மாறித்தான் செய்வாங்கள். இதுக்கு அங்கத்தைய மரம் வேணும்."

பேதுரு அதை ஏற்றுக்கொண்டார். சந்தியோகுகூட ஒரு கணம் பலகையை மறுபக்கம் திருப்பலாமா என்று பார்த்தான். அற்புதராணி குனிந்து இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிப் பூட்டினாள். அடுத்த நிமிடம் வெள்ளைத் தூள் சுருள் சுருளாய்ப் பறந்தது.

"நானும் அதைத்தான் சொல்ல வந்தனான்" என்றார் செபநாயகம்.

முதல் நாள் முப்பத்திரண்டு துளைகள். மணிக்கட்டு வீங்கவில்லை. சந்தியோகு பாடிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அன்று மாலை ரேடியோ செய்தியின் தலைப்பை மட்டும் சொல்லிவிட்டு மூச்சை விட்டது.

ஒழுங்கையில் அதற்குப் பிறகு சமாதானம் இல்லை. தெல்லிப்பழையிலிருந்து இடம்பெயர்ந்து வந்திருந்த பஞ்சலிங்கம் மாஸ்டர் மிகவும் மரியாதையானவர். அவரே அற்புதராணியின் வாசலுக்கு வந்துவிட்டார்.

"பிள்ளை, உங்கடை கலியாணம் நல்லாய் நடக்கவேணும். ஆனால் பேச்சுவார்த்தை எண்டு சொன்னான், யாரோடை யார் எண்டு சொல்ல முந்தி நிண்டுபோச்சுது. எனக்கு ராத்திரி நித்திரை இல்லை."

"முப்பத்திரண்டு துளையாம். அதிலை பத்தைக் குறைச்சிருந்தால் காலநிலை வரைக்கும் கேட்டிருக்கலாம்" என்றார் இன்னொருவர்.

ஒவ்வொரு நாளும் மண்ணெண்ணெய் வாங்கிக் காரை ஓட்டிப் பற்றறியை நிரப்புவது நடக்கிற காரியமில்லை. அற்புதராணி ஒரு நாள் முழுவதும் கொட்டிலுக்குள் காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு, காருக்குள் மின்சாரம் உண்டாக்கும் டைனமோவைக் கழற்றித் தரும்படி செபநாயகத்திடம் கேட்டாள். அவர் கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டார்.

"பற்றறியைக் கேட்டாய், தந்தன். இப்ப ஈரலைக் கேக்கிறாய்."

"அண்ணை, அது சுத்தினால்தான் பற்றறிக்கு உயிர். கார் சுத்தாட்டில் நாங்கள் சுத்துவம்."

சந்தியோகு மரச்சட்டம் அடித்தான். பின்சில்லு நிலத்தில் படாமல் ஒரு சைக்கிள் அதில் நின்றது. சில்லின் விளிம்பிலிருந்து டைனமோவுக்கு ஒரு பட்டி. சைக்கிளை மிதிக்க டைனமோ சுற்றும். அதற்கு அற்புதராணி போட்ட சட்டம் எளிது. செய்தி கேட்க விரும்பும் ஒவ்வொருவரும் பின்னேரம் வந்து மிதிக்கவேண்டும்.

எவ்வளவு நேரம் என்பதில்தான் வழக்கு வந்தது. ஒருவருடைய மணிக்கூடு பிந்தியது, இன்னொருவருடையது நின்றே போயிருந்தது. அப்போது லூர்த்தம்மா, மகனுடைய கலியாணம் எப்படிப் பிழைத்துப்போகிறது என்று பார்ப்பதற்காகவே வந்திருந்தவள், மடியிலிருந்து செபமாலையை எடுத்தாள்.

"ஆளுக்கு ஒரு செபமாலை. அம்பத்துமூண்டு மணி. நான் சொல்லுறன், நீங்கள் மிதியுங்கோ. மனிசரை ஏமாத்தலாம், மாதாவை ஏமாத்தேலாது."

மாதாவை யாரும் ஏமாற்றவில்லை. லூர்த்தம்மாதான் ஏமாற்றினாள். மகனின் கூட்டாளிகள் ஏறினால் 'அருள் நிறைந்த மரியே' குதிரைப் பாய்ச்சலில் ஓடும். பேதுரு ஏறினால் ஒவ்வொரு சொல்லையும் மென்று விழுங்கி, நடுவில் இருமி, விட்ட மணி எது என்று தேடுவாள்.

"சம்மந்தி, மற்றவைக்குப் பறக்கிற செபம் எனக்கு மட்டும் ஏன் நொண்டுது?"

"உங்களுக்குப் பாவம் கூட. ஆறுதலாய்ச் சொன்னால்தான் கரையும். மிதியுங்கோ."

பஞ்சலிங்கம் மாஸ்டர் தான் சைவக்காரன், தேவாரம் பாடி மிதிக்கலாமா என்று கேட்டார். தேவாரத்தின் நீளம் தனக்குத் தெரியாதென்று லூர்த்தம்மா மறுத்துவிட்டாள். இரண்டு கிழமையில் மாஸ்டருக்கு முழுச் செபமும் பாடம். லூர்த்தம்மா ஓரிடத்தில் தடுமாறியபோது, "துக்க தேவ இரகசியம் நாலாவது, அக்கா" என்று மூச்சிரைக்க எடுத்துக்கொடுத்தார்.

காலையில் துளை, பின்னேரம் செபம், மாலையில் செய்தி என்று நாட்கள் போயின. கோவிலில் மூன்று ஞாயிறு வாசிக்கவேண்டிய கலியாண அறிவித்தல் முதல் தடவை வாசிக்கப்பட்டது. இரண்டாம் ஞாயிறும் வாசிக்கப்பட்டது. அற்புதராணி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கரைக்குப் போய்த் துளைகளை எண்ணினாள். கலியாணம் தவக்காலத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை வள்ளம் இறங்கவேண்டும்.

கடைசி வெள்ளிக்கிழமை, குடாநாட்டிலிருந்து வெளியே போகும் பாதையைத் திறக்கப்போகிறார்கள் என்று ஒரு கதை பரவியது. ஒழுங்கை முழுவதும் ரேடியோவைச் சுற்றி இருந்து ஒரு நிலையம் மாற்றி ஒரு நிலையமாகக் கேட்டது. எந்த நிலையமும் பாதையைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லுவார்கள் சொல்லுவார்கள் என்று பற்றறியை அடிமட்டம் வரை உறிஞ்சிவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் முன்னுக்கு இருந்தவர் பேதுரு.

சனிக்கிழமை காலை துறப்பணம் முனகியது. மிச்சம் எழுபத்தொரு துளைகள். அற்புதராணி தகப்பனை ஒரு பார்வை பார்த்தாள். அவர் போய்ச் சைக்கிளில் ஏறினார். அன்று அவர் ஏழு செபமாலை மிதித்தார். லூர்த்தம்மா இரக்கப்பட்டு ஐந்தாவதிலிருந்து வேகத்தைக் கூட்டினாள். இருட்டும்போது முப்பத்தாறு துளைகள் மிச்சம். ஞாயிறு வேலை செய்யக்கூடாத நாள். மூன்றாவது அறிவித்தலை வாசித்துவிட்டு, தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கவேண்டும் என்று சுவாமியார் சொன்னபோது ஒழுங்கைக்காரர் எல்லாரும் பேதுருவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

திங்கள் காலை சுறுசுறுப்பாகத் தொடங்கியது. கரைக்கே தூக்கிவந்த சைக்கிளைக் கூட்டாளி ஒருவன் மிதிக்க, சந்தியோகு துளைத்தான். மத்தியானம் பதினொரு துளைகள் மிச்சமிருக்கும்போது சட்டத்திலிருந்து கருகல் மணம் வந்தது. பிறகு புகை வந்தது. டைனமோ ஒருமுறை விக்கி நின்றுவிட்டது.

செபநாயகம் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சூடாயிருந்தும் கீழே வைக்கவில்லை. "காருக்குள்ளை முப்பது வருசம் ஓடினது" என்று மட்டும் சொன்னார்.

"அந்தப் பதினொண்டும் மேல் விளிம்புக் கட்டைக்கு, மாமா" என்றான் சந்தியோகு. "தண்ணி படாத இடம். வள்ளம் இப்பவே மிதக்கும்."

பேதுரு தலையாட்டினார். "மிதக்கும். ஆனால் முடியேல்லை. முடியாத வள்ளத்தை நான் குடுக்கமாட்டன்."

அற்புதராணி வள்ளத்தின் பக்கத்தில் நின்றாள். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு உடுக்கவேண்டிய கூறைச்சேலை வீட்டில் மடித்தபடி இருந்தது. அவள் லூர்த்தம்மாவைப் பார்க்கத் துணியவில்லை.

லூர்த்தம்மா செபமாலையை மடியில் செருகிக்கொண்டு எழுந்து வந்தாள். பேதுருவுக்கு எதிரே போய் நின்றாள்.

"சம்மந்தி, நான் இந்த வள்ளத்துக்கு நூற்றுக்கு மேலை செபமாலை சொல்லியிருக்கிறன். தொண்டை கட்டி, ரெண்டு நாள் கஞ்சிதான் குடிச்சனான். இவ்வளவுக்குப் பிறகும் கலியாணம் நடக்காட்டில் என்ரை செபத்துக்கு என்ன மரியாதை? ஊர் என்ன கதைக்கும்? நாளைக்குக் கலியாணம் நடக்கும். உங்களுக்கு என்ன கஷ்டம் எண்டதை இப்ப சொல்லிப்போடுங்கோ."

பேதுரு மணலைக் காலால் தட்டினார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். யாரும் விலகிப்போகவில்லை.

"என்ரை மாமன், ராணியின்ரை பாட்டன், எனக்குத் தந்ததும் முடியாத வள்ளம்தான்" என்றார் கடைசியில். "முன்பக்கத்து அணியத்திலை ரெண்டு பலகை இல்லை. பிறகு போட்டுத்தாறன் எண்டார். அந்த மனிசன் சாகும்வரைக்கும் நான் அவரை விட்டு வைக்கேல்லை. பெருநாளிலை, கலியாணத்திலை, செத்தவீட்டிலைகூட 'ரெண்டு பலகை' எண்டு சொல்லிச் சிரிப்பன். அவர் தலையைக் குனிஞ்சுகொண்டு போவார். அப்ப எனக்கு அது பகிடியாய் இருந்தது."

சந்தியோகு துறப்பணத்தை மணலில் வைத்துவிட்டுக் கிட்ட வந்தான்.

"நான் அப்பிடி ஒரு சொல்லும் சொல்லமாட்டன், மாமா" என்றான் சந்தியோகு.

"நானும் அதைத்தான் சொன்னனான், தம்பி. கலியாணத்துக்கு முதல்நாள்."

அற்புதராணிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. தகப்பனை இவ்வளவு காலமும் பிடிவாதக்காரர் என்று நினைத்திருந்தாள். இவர் பயந்துபோய் நிற்கிறார். அவள் கிட்டப் போய் அவருடைய தோளிலிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

"அப்பா, சொல்லமாட்டார் எண்டு சத்தியம் வாங்கினால் நீங்கள் நம்பப்போறதில்லை. சொல்லட்டும். துளைக்கு ஒண்டாய்ப் பதினொரு தரம். அதுக்கு மேலை ஒண்டு சொன்னாலும் நான் இருக்கிறன், மாமி இருக்கிறா."

"சைக்கிளிலை ஏத்துவன்" என்றாள் லூர்த்தம்மா.

பேதுரு அதை மனதுக்குள் நிறுத்துப் பார்த்தார். "செத்தவீட்டிலை சொல்லக்கூடாது."

"செத்தவீட்டிலை சொல்லமாட்டன்" என்றான் சந்தியோகு.

"கோவிலடியிலையும்."

"சரி, மாமா."

"ஒரு துளையைப் பிறகு போட்டால், அதின்ரை கணக்குக் கழியும்."

"ஓம், கழியும்."

"எண்டால் இறக்குங்கோ."

ஒழுங்கை முழுவதும் தோள் கொடுத்தது. சுவாமியார் தீர்த்தம் தெளித்தார். வள்ளம் மணலைவிட்டு நழுவித் தண்ணீரில் ஏறி, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒருமுறை ஆடி, நேராக நின்றது. செபநாயகம் டைனமோவை அணைத்தபடியே முதல் ஆளாக அதற்குள் ஏறி இருந்தார். அவரை இறங்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை கலியாணம் நடந்தது. பந்தியில் பஞ்சலிங்கம் மாஸ்டர் மரக்கறி கேட்க, அவருக்கென்று வேறாகச் சமைத்ததை லூர்த்தம்மா தானே கொண்டுவந்து வைத்தாள். சந்தியோகு மாமனாருக்குப் பக்கத்தில் பணிவாக இருந்து சாப்பிட்டான். மீன்குழம்பில் உப்பு ஒரு துளைக்குக் குறைவு என்றான். கொஞ்சம் கழித்து, சோற்றுப் பானைக்கு மட்டும் விளிம்புக் கட்டை எப்படிச் சரியாய் வந்தது என்று கேட்டான். பாயசம் வந்தபோதும் ஏதோ சொன்னான். பேதுரு விரலை மடித்து எண்ணிக்கொண்டிருந்தார். ஆனால் மூன்றாவதற்கு அவரே முதலில் சிரித்துவிட்டார்.

அற்புதராணி புருசனுடைய இலையில் இன்னொரு மீன்துண்டை வைத்துவிட்டுக் காதடியில் குனிந்தாள்.

"இனி எட்டுத்தான் இருக்கு. பிள்ளையள் பிறக்கும் வரைக்கும் வைச்சுச் செலவழியுங்கோ."